பாங்காய் கார்டினல்

இந்த மீனை வாங்கக் கடைக்குப் போகும் முன், ஒரு வரைபடத்தில் அதன் ஊரைத் தேடிப் பாருங்கள். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவு நான்கு கரங்களை நீட்டிக் கிடக்கும். அதன் கிழக்குக் கரத்துக்கு அப்பால், மலுக்குத் தீவுகளை நோக்கிப் போகும் கடல்வழியில், பாங்காய் தீவுக்கூட்டம் இருக்கிறது. பெலெங், பாங்காய், பாங்குருங், லபோபோ என்று பெரிதும் சிறிதுமாகப் பல தீவுகள். பாங்காய் கார்டினல் மீன் இயற்கையாக வாழ்வது அந்தத் தீவுகளையும் அவற்றை ஒட்டிய கடலையும் சேர்த்த ஒரே வட்டாரத்தில்தான். மொத்தப் பரப்பு ஏறக்குறைய 5,500 சதுர கிலோமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஆழ்கடல். மீன் உண்மையில் குடியிருக்கத்தக்க ஆழமற்ற கரையோரம் சுமார் 34 சதுர கிலோமீட்டர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சென்னை மாநகராட்சியின் பரப்பில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை.

ஒரு மீனின் ஊர் இவ்வளவு சிறியதாக இருக்கும்போது, தொட்டி வைப்பவருக்கு இரண்டு கடமைகள் வந்துவிடுகின்றன. கடலில் பிடித்த மீனை வாங்காமல் பண்ணையில் பிறந்ததை மட்டும் வாங்குவது ஒன்று. வாங்கியதைப் பெருக்குவது மற்றொன்று. கடல்மீன்களில் வீட்டுத் தொட்டியில் பெருக்க எளிதானவை மிகச் சில. இது அவற்றுள் ஒன்று. அதனால்தான் முட்டை, குஞ்சு பற்றிய பகுதி இந்த அத்தியாயத்தில் மற்றவற்றைவிட நீளமாக இருக்கிறது.

மீனை அடையாளம் காண

முழுதாக வளர்ந்தாலும் எட்டு சென்டிமீட்டரைத் தாண்டாது. வெள்ளி நிற உடம்பில் மூன்று கறுப்புப் பட்டைகள் குறுக்கே இறங்கும்: ஒன்று கண்ணின் வழியே, மற்ற இரண்டும் இரண்டு முதுகுத் துடுப்புகளின் அடியிலிருந்து. பின் முதுகுத் துடுப்பும் மலத்துடுப்பும் நீண்டு தொங்கும். வால் ஆழமாகப் பிளந்திருக்கும். கறுத்த துடுப்புகளின் மேலும் வயிற்றுப்பக்கத்திலும் வெள்ளைப் புள்ளிகள் தெளித்திருக்கும். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் இரண்டு மீன்களின் புள்ளிகள் ஒன்றுபோல் இல்லை என்பது தெரியும். நான்கைந்து மீன்கள் வைத்திருப்பவர்கள் கைபேசியில் பக்கவாட்டுப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பிறகு எது ஆண், எது பெண், எது எதை விரட்டுகிறது என்று குறிப்பெடுக்க வசதி.

அறிவியல் பெயர் டெராபோகன் காடெர்னி. சுவீடன் நாட்டு விலங்கியலாளர் வால்டர் காடெர்ன் 1920இல் பாங்காய் தீவிலிருந்து கொண்டுபோன மாதிரிகளை வைத்து, டச்சு ஆய்வாளர் கூமன்ஸ் 1933இல் இதை விவரித்துப் பெயரிட்டார். பிறகு அறுபது ஆண்டுகள் இதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1994இல் மீனியல் அறிஞர் ஜெரால்டு ஆலன் பாங்காய்க்கே போய் மீனைப் பார்த்து, ரோஜர் ஸ்டீனுடன் சேர்ந்து 1995இல் அதன் வாழ்க்கையை எழுதினார். அந்தக் கட்டுரையும் படங்களும் வந்த கையோடு மீன் வணிகர்களும் வந்தார்கள். 2000களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஆறு முதல் ஒன்பது லட்சம் மீன்கள் வரை பிடிக்கப்பட்டன என்பது மதிப்பீடு. அதே காலத்தில், 2004இல், கடலில் இருந்த மொத்த எண்ணிக்கையே 24 லட்சம் என்று மதிப்பிடப்பட்டது. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

அது வாழும் இடம்

பவளப்பாறை மீன் என்று பொதுவாகச் சொன்னாலும், அலை மோதும் பாறைச் சரிவில் இதைத் தேடினால் கிடைக்காது. தீவின் காற்றுமறைவுப் பக்கம், அமைதியான விரிகுடா, படகுத்துறையின் காலடி, கடற்புல் படுகை, பவளத் துண்டுகள் கலந்த மணல் ஆகியவையே இதன் இடங்கள். ஆழம் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர். இடுப்பளவுத் தண்ணீரிலும் பார்க்கலாம். தண்ணீரின் வெப்பம் 28 டிகிரியை ஒட்டியே இருக்கும்.

அந்த இடத்தில் மீனுக்கு வீடாக அமைவது கடல் முள்ளெலி. டயடெமா என்ற இனம், கறுப்பாக, ஊசி போன்ற நீண்ட முட்களோடு இருக்கும். நம் மன்னார் வளைகுடாவிலும் இதே இனம் உண்டு. பாறை ஓரம் நடக்கையில் காலில் முள் ஏறி ஒடிந்தவர்களுக்கு இதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பாங்காய் மீன்கள் பத்துப் பதினைந்தாக ஒரு முள்ளெலிக் கூட்டத்தின் மேல் மிதந்து, தண்ணீரில் வரும் கோபிபாட் போன்ற சிற்றுயிர்களைப் பொறுக்கித் தின்னும். கார்டினல் குடும்பத்தில் பெரும்பாலானவை இரவில் இரை தேடுபவை. இது பகலில் தேடும். பெரிய மீனோ முக்குளிப்பவரின் நிழலோ வந்தால் கூட்டம் மொத்தமும் முட்களுக்குள் இறங்கிவிடும். அப்போது அவற்றின் கறுப்புப் பட்டைகள் எதற்காக என்பது புரியும். பட்டைகளும் முட்களும் ஒரே திசையில் நிற்க, மீன் எங்கே முடிகிறது, முள் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது.

குஞ்சுகளுக்கு இன்னொரு வீடும் உண்டு: கடல் சாமந்தி. அதன் கொட்டும் கரங்களுக்கு நடுவே கோமாளி மீன் குடியிருப்பதை எல்லோரும் அறிவார்கள். பாங்காய்க் குஞ்சுகளும் அங்கே ஒண்டும். வளர வளர முள்ளெலிக்கோ கிளைப் பவளத்துக்கோ குடிபெயரும். சில இடங்களில் சுரபுன்னை வேர்களுக்கு இடையிலும் வாழும். குஞ்சுகளுக்கு இவ்வளவு மறைவு தேவைப்படுவதற்கு ஒரு காரணம், சொந்த இனத்துப் பெரிய மீன்களே அவற்றைத் தின்பது. தொட்டியில் பெருக்க நினைப்பவர்கள் இதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மீன் ஏன் அந்த ஒரு தீவுக்கூட்டத்தை விட்டு வெளியே போகவில்லை? பவளப்பாறை மீன்களில் பெரும்பாலானவை முட்டையையோ இளவுயிரையோ கடலில் விட்டுவிடும். அவை வாரக்கணக்கில் மிதந்து, நீரோட்டம் கொண்டுபோகும் இடமெல்லாம் பரவும். பாங்காய் மீனுக்கு அந்த மிதக்கும் பருவமே கிடையாது. தகப்பன் வாயிலேயே முட்டை பொரிந்து, குஞ்சு அங்கேயே வளர்ந்து, உருவம் முழுமையான பிறகே வெளியே வரும். வந்த இடத்திலேயே முள்ளுக்குள் புகுந்துவிடும். இரண்டு தீவுகளுக்கு இடையே ஆழமான கால்வாய் இருந்தால் அதைக் கடக்காது. மரபணுவை ஆராய்ந்தவர்கள், சில கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள கூட்டங்கள்கூடத் தங்களுக்குள் கலக்காமல் பிரிந்து நிற்பதைக் கண்டார்கள். ஒரு விரிகுடாவில் இருப்பதை ஒட்டப் பிடித்துவிட்டால் பக்கத்து விரிகுடாவிலிருந்து வந்து நிரப்ப ஆள் இல்லை.

பிடிப்பதும் எளிது. கூட்டம் ஓடாது, முள்ளெலிக்குள்தான் இறங்கும். முள்ளெலியை நகர்த்திவிட்டு ஒரு சிறு வலையில் மொத்தத்தையும் அள்ளிவிடலாம். அப்படி அள்ளிக் கொடுத்த மீனவருக்கு ஒரு மீனுக்குக் கிடைத்தது சில அமெரிக்க சென்ட்தான். அண்மை ஆண்டுகளில் மீனைப் பிடிப்பதோடு, முள்ளெலியையும் சாமந்தியையும் உணவுக்கு எடுப்பதும் கூடிவிட்டது. மீனை விட்டுவைத்து வீட்டை எடுத்தாலும் முடிவு ஒன்றே.

2007இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவின் விளிம்பிலுள்ள இனமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு அமெரிக்காவும், 2016இல் ஐரோப்பிய ஒன்றியமும் இதை, உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் கொண்டுவர முன்மொழிந்தன; இரண்டு முறையும் முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. 2016இல் அமெரிக்கா தன் சட்டத்தில் இதை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது. இந்தோனேசியா 2018இல் பகுதிப் பாதுகாப்பு கொடுத்தது.

கடையில்

கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்லை, "எங்கே பிறந்தது?" என்பது. தாய்லாந்திலும் அமெரிக்காவிலும் பண்ணைகள் இதைப் பெருக்கி விற்கின்றன. பண்ணை மீனா, பிடித்த மீனா என்று கடைக்காரருக்கே தெரியாவிட்டால், வாங்காமல் வந்துவிடுங்கள். அவர் சொல்வதை நீங்களே சரிபார்க்கவும் வழி உண்டு. பண்ணை மீன்கள் பொதுவாக மூன்று, நான்கு சென்டிமீட்டர் அளவில் ஒரே வயதாக இருக்கும். கண்ணாடி அருகே ஆள் வந்தால் இரை எதிர்பார்த்து முன்னால் வரும். குருணை உணவைப் போடச் சொல்லிப் பாருங்கள், எடுத்துவிடும். கடலில் பிடித்தவை பெரும்பாலும் வளர்ந்த மீன்களாக, அளவு கலந்து இருக்கும். மூலையில் ஒடுங்கும். குருணையை வாயில் வாங்கித் துப்பும், அல்லது திரும்பியே பார்க்காது.

பண்ணை மீனையே வலியுறுத்த இன்னொரு காரணம் நோய். பிடிக்கப்பட்டு, பல இடைத்தரகர்களின் தொட்டிகளில் நெருக்கியடித்து வரும் மீன்களை ஓர் இரிடோவைரஸ் கூட்டமாகக் கொல்கிறது. அதற்கு மருந்து இல்லை. நோய் கண்ட மீன் இரை எடுக்காது, உடம்பு கறுத்து மங்கும், மலம் வெள்ளை நூலாகத் தொங்கும், கூட்டத்திலிருந்து ஒதுங்கி நிற்கும். சில நாள்களில் செத்துவிடும். அப்படி ஒரே ஒரு மீன் கடைத் தொட்டியில் இருந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்காதீர்கள், மற்றவை எவ்வளவு துடிப்பாக இருந்தாலும். கடைக்காரர் விலையைக் குறைத்தாலும் வேண்டாம். வாங்கிய மீனை நான்கு வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். அதற்கென்று தனி வலை, தனிக் குழாய், தனி வாளி. பிரதானத் தொட்டியில் கைவிட்ட பிறகு தனித் தொட்டி வேலையைச் செய்யுங்கள், ஒருபோதும் முன்னால் அல்ல.

தொட்டி

ஒரு ஜோடிக்கு 120 லிட்டர் போதும். தொட்டியைப் பக்குவப்படுத்துவது, உப்புத் தண்ணீர் கலப்பது எல்லாம் முந்தைய அத்தியாயங்களில் சொன்னபடிதான். உப்புத் தண்ணீரின் ஒப்படர்த்தி 1.023 முதல் 1.025 வரை, வெப்பம் 25 முதல் 28 டிகிரி வரை. நம் ஊரில் ஹீட்டரைவிடக் கோடைதான் கவலை. சித்திரை, வைகாசியில் அறை வெப்பமே 34ஐத் தொடும்போது தொட்டி 31, 32க்குப் போய்விடும். மீன் அதைச் சில நாள் தாங்கும். ஆனால் சூடான தண்ணீரில் உயிர்வளி குறைவு, அந்த நேரம் பார்த்து மின்சாரமும் போகும். சில்லர் வாங்க முடியாதவர்கள் தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு டிகிரி இறங்கும். ஆவியாகும் தண்ணீரை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால் அன்றாடம் ஈடு செய்யுங்கள். பேட்டரியில் ஓடும் காற்றுப்பம்பு ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

நீரோட்டம் மென்மையாக இருக்க வேண்டும். பவளத் தொட்டிகளுக்குப் பழகியவர்கள் இங்கேதான் வழக்கமாகத் தவறுகிறார்கள். பம்பின் வேகத்தை எதிர்த்து நாள் முழுக்க நீந்த இந்த மீனால் முடியாது. பார்க்க அழகான அந்த நீளத் துடுப்புகள் ஓட்டத்தில் நீந்துவதற்கானவை அல்ல. தொட்டியின் ஒரு பாதியிலாவது தண்ணீர் அசையாமல் நிற்கும் இடம் இருக்கட்டும்.

அலங்காரக் கல் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லை வாங்காதீர்கள். கல்பவளங்கள் நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உயிரோடு இருந்தாலும் செத்ததாக இருந்தாலும் வைத்திருப்பது குற்றம். செயற்கைப் பீங்கான் கற்கள் கிடைக்கின்றன, அவை போதும்.

முள்ளெலியை உயிரோடு வைக்கலாமா என்று கேட்பார்கள். பாசி நிறைந்த பெரிய தொட்டி இருந்தால் வைக்கலாம். இல்லாவிட்டால் அது பட்டினி கிடந்து முட்களை உதிர்க்கும். அதன் முள் கையில் ஏறினால் உள்ளேயே ஒடிந்துகொள்ளும், கடுக்கும். பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது செயற்கை முள்ளெலி. இரண்டு அங்குல பிவிசி குழாய் மூடி ஒன்றில், சுற்றிலும் மேலேயும் நெருக்கமாகத் துளை போடுங்கள். கறுப்பு நிற கேபிள் டைகளை உள்ளிருந்து வெளியே இழுத்தால், தலை உள்ளே சிக்கிக்கொண்டு வால் முள்ளாக நீட்டி நிற்கும். முள் 15 சென்டிமீட்டராவது இருக்கட்டும். நாற்பது ஐம்பது முட்கள் வந்ததும் மூடியை ஒரு தட்டைக் கல்லோடு மீன்தொட்டிக்கென்றே விற்கும் எபாக்சியால் ஒட்டி, இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிப் போடுங்கள். எங்கும் இரும்பு வேண்டாம். தொட்டியில் வைத்ததும் மீன்கள் அதற்குள் போய் நிற்பதைப் பார்க்கலாம். கடலையே பார்த்திராத பண்ணை மீன்களும் அதையே செய்கின்றன.

உடன் வைக்க அமைதியான மீன்களே ஏற்றவை: கோபிகள், கோமாளி மீன், ஃபயர்ஃபிஷ். சிங்கமீன், களவாய், டிரிகர் வகைகள் இதை விழுங்கிவிடும். வேகமாகப் பாய்ந்து தின்னும் டாம்செல்கள் இதற்கு இரை கிடைக்க விடாது.

உணவு

உறைந்த மைசிஸ், வளர்ந்த ஆர்ட்டீமியா, நறுக்கிய இறால், நல்ல குருணை என்று மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக நாளுக்கு இரண்டு மூன்று முறை கொடுங்கள். தரையில் விழுந்ததை இது பொறுக்காது. நடுத்தண்ணீரில் மிதந்து வருவதைத்தான் எடுக்கும். ஆகவே ஒரேயடியாகக் கொட்டாமல் சொட்டுக்குழாயில் எடுத்து, மீனுக்கு முன்னால் மெதுவாக விடுங்கள்.

ஜோடி சேர்ப்பது

கடலில் கூட்டமாக வாழ்கிறது என்பதற்காகத் தொட்டியில் வளர்ந்த மீன்களைக் கூட்டமாக விட்டால் கொலை நடக்கும். ஒரு ஜோடி சேர்ந்ததும் மற்றவற்றை மூலைக்கு விரட்டித் துடுப்பைக் கிழிக்கும். கடலில் சேர்ந்த ஜோடி கூட்டத்தைவிட்டுச் சில மீட்டர் தள்ளிப்போய்த் தனக்கென்று இடம் பிடிக்கும். தொட்டியில் அந்தச் சில மீட்டர் இல்லை.

ஆண் பெண் வேறுபாடு வெளியே தெரியாது. நீளத் துடுப்பு ஆணுக்கு, தடித்த தாடை ஆணுக்கு என்றெல்லாம் சொல்வார்கள். முட்டை சுமக்காத மீனில் இவற்றை நம்பி ஜோடி வாங்காதீர்கள். ஐந்தாறு குஞ்சுகளாக வாங்கி ஒன்றாக வளர்ப்பதே உறுதியான வழி. எட்டு முதல் பத்து மாதத்தில் பருவத்துக்கு வரும்போது இரண்டு மீன்கள் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கத் தொடங்கும். பெண்தான் முன்கை எடுக்கும். ஆணின் அருகே உரசுவதுபோல் வந்து உடம்பைச் சிலிர்த்து நடுக்கும். இதைப் பார்த்த அன்றே மற்றவற்றுக்கு வேறு இடம் தேடுங்கள். அவற்றைத் தொட்டி வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுக்கலாம். தன் மீனுக்கு வேறு ரத்தவழியிலிருந்து ஜோடி தேடும் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

தகப்பன் வாயில்

பெண் இடும் முட்டைகள் இழைகளால் பின்னப்பட்டு ஒரே கொத்தாக வெளிவரும். ஆண் அதை நொடிப்பொழுதில் வாயில் வாங்கிக்கொள்ளும். பொதுவாக நாற்பது முதல் அறுபது முட்டைகள், சில சமயம் அதற்கும் மேல். ஒவ்வொன்றும் இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் குறுக்களவு. இவ்வளவு சிறிய மீனுக்கு அது மிகப் பெரிய முட்டை.

முட்டை வாங்கிய ஆணை ஒரு பார்வையில் கண்டுபிடிக்கலாம். தாடைக்கு அடியில் பை தொங்கும், வாய் முழுதாக மூடாது, இரை போட்டால் ஓடிவராது. இரையின் பின்னால் அரை அடி வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போகும். கைவிளக்கை நேராக அடிக்காமல் பக்கத்தில் பிடித்துக் காத்திருந்தால், கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை அது வாயைத் திறந்து கொத்தைப் புரட்டிப் போடுவது தெரியும். அந்த ஒரு கணம் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள் மின்னி மறையும். மூன்றாவது வாரத்தில் அதே இடத்தில் ஆரஞ்சு போய், வெள்ளிக் கண்கள் பார்க்கும்.

முட்டை பொரிய ஏறக்குறைய இருபது நாள். பொரிந்த குஞ்சுகளை மேலும் ஒரு வாரம், பத்து நாள் வாயிலேயே வைத்திருக்கும். ஆக மொத்தம் ஒரு மாதம் அந்த ஆண் தின்பதில்லை. ஆகையால் முட்டை வாங்குவதற்கு முந்தைய வாரங்களில் அதற்குக் கொடுக்கும் தீனிதான் அடுத்த ஒரு மாதச் சாப்பாடு.

முதல்முறை தகப்பனாகும் ஆண் சில நாளில் முட்டைகளை விழுங்கிவிடுவது, துப்பிவிடுவது சாதாரணம். கவலைப்பட வேண்டாம், இரண்டாவது மூன்றாவது முறை சரியாகிவிடும். வலையைப் போட்டு விரட்டினால் பழகிய ஆணும் துப்பிவிடும். ஆகவே முட்டை வாங்கிய நாளை நாள்காட்டியில் குறித்துவைத்து, இருபத்திரண்டு, இருபத்து மூன்றாம் நாளில், இரவு விளக்கணைத்த பிறகு, வலையில்லாமல் ஒரு பெரிய தெளிவான டப்பாவில் தண்ணீரோடு மொண்டு குஞ்சுத் தொட்டிக்கு மாற்றுங்கள். இருட்டில் அது அசையாமல் நிற்கும், எளிதாக முடியும். குஞ்சுத் தொட்டி நாற்பது லிட்டர் போதும்: ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு செயற்கை முள்ளெலி, பிரதானத் தொட்டியின் தண்ணீர். குஞ்சுகளை விட்டதும் தகப்பனை எடுத்துவிடுங்கள். ஒரு மாதம் பட்டினி கிடந்த மீன் அது.

எடுத்த கையோடு பெண்ணோடு சேர்க்காதீர்கள். பெண் அதற்குள் அடுத்த முட்டைக்குத் தயாராக இருக்கும், ஆணும் மறுக்காது. இடைவெளியில்லாமல் மூன்று நான்கு முறை சுமந்தால் ஆண் எலும்பாகிச் செத்துவிடும். குறைந்தது மூன்று வாரம் தனியே வைத்துத் தேற்றுங்கள். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு போதும். கடலில் இரண்டு மூன்று ஆண்டுகள் வாழும் இந்த மீன் நல்ல கவனிப்பில் ஐந்து ஆண்டு வரை இருக்கும்.

குஞ்சுகள்

வெளியே வரும் குஞ்சு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆனால் பட்டைகள், துடுப்புகள், நிற்கும் விதம் எல்லாம் அப்படியே பெரிய மீன்தான். வந்த சில நிமிடங்களில் முட்களுக்கு நடுவே போய் நின்று, எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். முதல் நாளே இரை எடுக்கும். கோமாளி மீன் வளர்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே ரோட்டிபர், பச்சைத் தண்ணீர் என்று தனியாக ஒரு பண்ணையே நடத்த வேண்டும். இங்கே அன்று பொரித்த ஆர்ட்டீமியா போதும்.

ஆர்ட்டீமியா பொரிக்கத் தெரியாதவர்களுக்கு: அடி வெட்டிய ஒன்றரை லிட்டர் குடிநீர் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்துங்கள். லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு, அரைத் தேக்கரண்டி முட்டை, அடிவரை போகும் காற்றுக் குழாய், மேலே ஒரு விளக்கு. நம் ஊர் வெப்பத்தில் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தினால் ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிற ஆர்ட்டீமியா அடியில் சேரும். அடியிலிருந்து எடுத்து மெல்லிய துணியில் வடித்து நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிக் கொடுங்கள். ஓடு கலந்தால் குஞ்சின் குடலை அடைக்கும்.

குஞ்சு வளர்ப்பவர்களைத் திகைக்க வைக்கும் ஒரு சாவு உண்டு. இரண்டு மூன்று வாரம் நன்றாகத் தின்று வளர்ந்த குஞ்சுகள், விளக்கைப் போட்டதும், தொட்டியைத் தட்டியதும், அல்லது நீங்கள் குனிந்த நிழல் பட்டதும் துடித்துச் சுருண்டு விழும். சில எழும், சில எழாது. காரணம் பயம் மட்டும் இல்லை, உணவிலுள்ள குறை. ஆர்ட்டீமியாவில் கடல்மீன் குஞ்சுக்குத் தேவையான ஒமேகா-3 கொழுப்பமிலங்கள் போதாது. பொரித்து வெகுநேரம் கழித்துக் கொடுத்தால் அதன் சொந்தச் சத்தும் கரைந்துபோயிருக்கும். எனவே முதல் வேளைக்குப் பொரித்த சூட்டோடு கொடுங்கள். அடுத்த வேளைகளுக்கு, பொரிந்து பன்னிரண்டு மணி நேரமான ஆர்ட்டீமியாவை, ஒமேகா-3 கலந்த செறிவூட்டும் கரைசலில் சில மணி நேரம் விட்டு அலசிக் கொடுங்கள். பொரிந்த உடனே அதற்கு வாய் திறந்திராது; பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் அது தின்னத் தொடங்கும், ஆகவே அதற்கு முன் ஊறவைத்துப் பயனில்லை. இதைச் செய்தால் அந்தச் சாவு பெரும்பாலும் நின்றுவிடும். அறையில் ஒரு சின்ன இரவு விளக்கு விட்டுவைப்பதும் உதவும்.

ஒரு மாதமானதும் பொடியாக்கிய மைசிஸ், பிறகு நுண்குருணை என்று பழக்குங்கள். மூன்று நான்கு மாதத்தில் வெளியே கொடுக்கும் அளவுக்கு வந்துவிடும். அதற்குள் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கினால் வேறு வேறு தொட்டிகளில் பிரித்து வையுங்கள்.

கூடுதலான மீனைக் கடலில் விடக் கூடாது

குஞ்சு நிறைந்துவிட்டது, கடலில் விட்டால் புண்ணியம் என்று ராமேஸ்வரத்துக்கு எடுத்துப் போக வேண்டாம். வட சுலாவெசியின் லெம்பே நீரிணையில் ஏற்றுமதியாளர்களிடமிருந்து தப்பியும் விடப்பட்டும் இந்த மீன் 2000ஐ ஒட்டிப் பெருகிவிட்டது. பாலித் தீவின் கிலிமானுக்கிலும் அப்படியே. முக்குளிக்கப் போகும் தமிழர்கள் பெரும்பாலும் லெம்பேயில்தான் இதைப் பார்க்கிறார்கள். அது அதன் ஊர் இல்லை என்பதையும், அங்கே அது உள்ளூர் மீன்களின் முள்ளெலியிலும் சாமந்தியிலும் பங்கு கேட்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு பாருங்கள். மன்னார் வளைகுடாவில் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த காப்பாஃபைக்கஸ் கடற்பாசி குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் படர்ந்ததை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். இன்னொரு விருந்தாளி வேண்டாம். தொட்டித் தண்ணீரோடு வைரஸும் சேர்ந்தே போகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

சொந்த ஊரிலேயே பார்க்க விரும்புகிறவர்கள் சுலாவெசியின் லுவுக் நகரம் வரை விமானத்தில் போய், அங்கிருந்து படகில் பாங்காய் தீவுக்குப் போகலாம். போனே பாரு கிராமத்தில் மீனவர்களே இந்த மீனைக் காக்கும் வேலையைக் கையில் எடுத்திருக்கிறார்கள். முக்குளிக்கும் கருவி வேண்டியதில்லை, முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போதும். தரையில் கால் ஊன்றாதீர்கள், முள்ளெலிக்கும் உங்களுக்கும் அதுவே நல்லது. ஆண் மீன் வாயில் முட்டையோடு நின்றால் படம் எடுக்கத் துரத்த வேண்டாம்.

தொட்டியில் குஞ்சு எடுத்தவர்கள் ஒரு நோட்டு வையுங்கள்: ஜோடியை எங்கே வாங்கியது, முட்டை வாங்கிய நாள், குஞ்சு விட்ட நாள், எத்தனை பிழைத்தன, யாருக்குக் கொடுத்தது. குஞ்சு வாங்குகிறவருக்கு அந்தப் பக்கத்தின் ஒரு நகலையும் சேர்த்துக் கொடுங்கள். இவ்வூரில் பிறந்த மீன் இங்கேயே கிடைக்கும் என்று தெரிந்தால் கடைக்காரர் பாங்காயிலிருந்து பிடித்துவர ஆணை கொடுக்க மாட்டார்.